வேலூருக்கு வந்த குட்டி நெப்டியூன்

ஏப்ரல் 29, செவ்வாய்

கோபம் வந்தால் கத்தக் கூடாதாம், எழுத வேண்டுமாம். டாக்டரம்மாவின் உத்தரவு. "கிருபாகரன், உங்களுக்கு வயசு நாப்பத்தஞ்சுதான். உங்க பிரஷர் மட்டும் ரிட்டயர் ஆகி பேரன் பேத்தி எடுத்துடுச்சு" என்றார். எனக்குக் கோபம் வருவதே இல்லை. பிறர் தவறாகப் பேசினால் திருத்துகிறேன், அவ்வளவுதான். போன வாரம் பேருந்தில் ஒருவர் நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் உண்டு என்றார். திருத்தினேன். நடத்துநர் என்னை வழியிலேயே இறக்கிவிட்டார். எங்களில் யாருக்குக் கோபம் என்று டாக்டரம்மாதான் சொல்ல வேண்டும்.

சரி, எழுதுகிறேன்.

இன்று எங்கள் கோளரங்கத்தின் உரிமையாளர், அறக்கட்டளைத் தலைவர் தனகோடி வந்தார். அண்ணாந்து குவிமாடத்தைப் பார்த்தார். நட்சத்திரக் காட்சியைப் பாராட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"கிருபா, இதுல ஏசி நல்லா நிக்குதில்ல? நிச்சயதார்த்தம், காதுகுத்து, வளைகாப்புக்கெல்லாம் மினி ஹால் மாதிரி விட்டா அள்ளிக்கலாம்யா."

இருபது ஆண்டுகளாக அந்தக் குவிமாடத்தின் கீழ் நின்று வியாழனையும் சனியையும் காட்டி வருகிறேன். விளக்கவுரை நான், மின்விளக்கு நான், மழைக்காலத்தில் ஒழுகும் இடத்தில் வாளி வைப்பதும் நான். நான் கத்தவில்லை. ஒரே ஒரு கண்காட்சிக்கு அனுமதி கொடுங்கள், கூட்டம் வராவிட்டால் பிறகு வளைகாப்பு நடத்துங்கள் என்று கேட்டேன். பள்ளி விடுமுறை முடியும் வரை நேரம் கொடுத்தார்.

"என்ன கண்காட்சி?"

நம் சூரியனைப் போன்ற ஒரு தொலைதூர நட்சத்திரத்தைச் சுற்றும் புதிய கோள் ஒன்றைச் சென்ற மாதம் கண்டுபிடித்திருக்கிறார்கள். பூமியைவிடப் பெரியது, நெப்டியூனைவிடச் சிறியது. நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றுவதால் கொதிகலன் போன்ற சூடு. ஆறு நாளில் அதற்கு ஓர் ஆண்டு முடிந்துவிடும். இந்த வகைக்குக் குட்டி நெப்டியூன் என்று பெயர், மினி நெப்டியூன் என்றும் சொல்வார்கள் என்று விளக்கினேன்.

"மினி இட்லி, மினி பஸ் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் தலைவர். "சாம்பார்ல போடுவாங்களா?"

எழுதிவிட்டேன். கத்தவில்லை.

மே 1, வியாழன்

விடுமுறை. கோளைச் செய்து தருவதற்கு ஆள் தேடி காட்பாடி சாலையில் உள்ள அமுதா டெகரேட்டர்ஸ் கொட்டகைக்குப் போனேன். கல்யாண மேடை போடுகிறவர்கள். உள்ளே தெர்மக்கோல் மயில்களுக்கு நடுவில் ஒரு பெண்மணி மூங்கிலை வளைத்துக்கொண்டிருந்தார். முதலாளி எங்கே என்று கேட்டேன். "நாந்தான். அமுதவல்லி" என்றார்.

"இன்னா சார் வேணும்? மேடையா, வளைவா?"

"கோள்."

"கோலாட்டக் கோலா? அது கொலு பொம்மைக் கடையில கிடைக்கும்."

"கோலு இல்லை, கோள். உருண்டை. கிரகம்."

"எந்த கிரகம்? நவகிரக மேடை போட்டுக்கிறேன். சனி பகவான் காக்காவோட ரெடியா இருக்குது."

நான் விளக்கினேன். அவர் மூங்கிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பொதுவாக நான் விளக்கும்போது மக்கள் கைப்பேசியை எடுப்பார்கள்.

"சைஸு?"

"பூமியைப் போல் இரண்டரை மடங்கு."

"பூமி எவ்ளோ?"

"பூமி எங்களிடம் இருக்கிறது. ஐந்தடி."

"யாரு சொன்னாங்க?"

"நான்தான்."

அவர் சிரித்தார். எதற்கென்று தெரியவில்லை. அளவு சரியாகத்தான் சொன்னேன். மூங்கில் பிளாச்சில் கூடு கட்டி, மேலே துணி ஒட்டி, பன்னிரண்டரை அடியில் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார்.

மே 3, சனி

காஸ் சிலிண்டர் வந்தது. தண்ணீர் கேன் வரவில்லை. ஒரு சட்டை வாங்கினேன். பழையவை எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன.

மே 5, திங்கள்

கொட்டகைக்குப் போனேன். வேலையை மேற்பார்வையிட வேண்டியது என் பொறுப்பு. கூடு பாதி எழும்பிவிட்டது; உள்ளே நின்றால் தலைகீழான பறவைக்கூண்டு போல இருக்கிறது.

அமுதவல்லி கேட்டார்: "அவ்ளோ தூரத்துல இருக்குதே, எப்படி சார் பார்த்தாங்க?"

"பார்க்கவில்லை. அந்தக் கோள் நட்சத்திரத்தின் முன்னால் கடந்து போகும்போது நட்சத்திர வெளிச்சம் கொஞ்சம் குறையும். திரும்பத் திரும்ப அதே இடைவெளியில் குறைந்தால் அங்கே ஏதோ சுற்றுகிறது என்று அர்த்தம். எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து அளவைக் கணக்கிடுவார்கள்."

அவர் யோசித்தார். பிறகு, "கல்யாணத்துல வீடியோக்காரன் லைட்டு அடிப்பான் சார். அதுக்குக் குறுக்கால யாராவது போனா பொண்ணு மூஞ்சியில இருட்டடிக்கும். நீங்க போனவர பார்க்கல. இருட்டடிச்சத வெச்சு, போனவரு எவ்ளோ குண்டுன்னு சொல்றீங்க."

இருபது ஆண்டுகளாக நான் சொல்லிவரும் விளக்கத்தைவிட இது நன்றாக இருக்கிறது. இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"வருஷத்துக்கு எத்தனை மேடை போடுவீர்கள்?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் போடறேன். எனக்குத்தான் எவனும் போடல" என்று சொல்லிவிட்டுப் பசைவாளியை எடுக்கப் போய்விட்டார்.

அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து கையெல்லாம் பசை என்பதைக் கவனித்தேன். மேற்பார்வைதான் செய்தேன்; எப்படி ஒட்டியது என்று தெரியவில்லை.

மே 7, புதன்

கோளுக்கு என்ன நிறம் அடிப்பது என்று முடிவு செய்யக் கூட்டம். தலைவர், நான், அமுதவல்லி, திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கப்போகிற வார்டு கவுன்சிலர்.

நெப்டியூன் என்றால் நீலம்தானே என்றார் தலைவர். நீலம் அடித்தால் இன்ன கட்சி என்று எதிர்த்தரப்பு படம் பிடித்துப் போடும் என்றார் கவுன்சிலர். கொதிக்கிற கோள்தானே, சிவப்பு அடிக்கலாம் என்றேன். "தோழர்கள் நம்மகிட்ட உண்டியலோட வருவாங்க" என்றார் தலைவர். ஆரஞ்சு என்று யாரோ ஆரம்பித்ததும் தலைவரும் கவுன்சிலரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். பச்சை? கவுன்சிலர் தலையை ஆட்டினார். கறுப்பு? விழாவுக்குக் கறுப்பா என்று தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மஞ்சள் மங்களகரம் என்றார். மஞ்சளுக்கும் ஒரு கட்சி இருக்கிறதென்று கவுன்சிலர் நினைவூட்டினார்.

"கட்சிக்குப் போகாத கலரே இல்லியா?" என்றார் அமுதவல்லி. "பிங்க்கு?"

"இலவச பஸ்" என்றார் கவுன்சிலர். "எல்லாரும் ஏறிக்குவாங்க."

கூட்டம் போண்டாவோடு முடிந்தது. முடிவு எதுவும் இல்லை. கண்டுபிடித்தவர்களிடமே கேட்கலாம் என்று அந்த ஆராய்ச்சிக் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

மே 9, வெள்ளி

பதில் வந்துவிட்டது! மிக மரியாதையான பதில். அந்தக் கோளின் நிறம் யாருக்கும் தெரியாதாம். அடர்ந்த நீராவியும் புகைமூட்டமும் சூழ்ந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாங்கள் தீர்மானித்ததும் தங்களுக்கும் தெரிவிக்கும்படி கேட்டிருக்கிறார்கள். படம் அனுப்பச் சொன்னார்கள்.

அமுதவல்லியிடம் போய்ச் சொன்னேன். "அவங்களுக்கே தெரியாதா?" என்று மகிழ்ந்துபோனார். "தெரியலன்னு இவ்ளோ அழகா எழுதறாங்களே. எங்க ஆளுங்க தெரியலன்னா சண்டைக்கு வருவாங்க."

நான் சண்டைக்குப் போகிற ஆளா என்று கேட்டேன்.

"நீங்க தெரிஞ்சா சண்டைக்கு வருவீங்க சார்" என்றார்.

மே 10, சனி

கோளின் சூட்டை மக்கள் உணர வேண்டும் என்று ஓர் அறையில் ஹீட்டர்கள் வைத்துச் சோதித்தோம். டிக்கெட் கொடுக்கும் மணவாளனை உள்ளே அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். அரை மணி நேரமாகியும் அவர் வெளியே வரவில்லை. பயந்துபோய்த் திறந்தால் நாற்காலியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டு மாடி ரூம் இதவிட காயும் சார்" என்றார். "இங்க கொஞ்சம் காத்தாட்டம் இருக்குது."

கத்திரி வெயில் காலத்து வேலூரில் இந்தத் திட்டத்தைப் போட்டது என் தவறு. ஹீட்டர்களைத் திருப்பி அனுப்பினேன்.

மே 12, திங்கள்

காலையில் கோளரங்கத்துக்குள் நுழைந்தால் குவிமாடத்தின் நடுவில் அமுதவல்லி. கையில் அளவு டேப். கூடவே தலைவர்.

"இங்க மேடை, அங்க பந்தி" என்று தலைவர் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். மினி ஹாலுக்கு அலங்காரம் முழுவதும், ஆண்டு முழுவதும், அமுதா டெகரேட்டர்ஸுக்குத்தானாம்.

அமுதவல்லி என்னைப் பார்த்து, "சார், உங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தார். எனக்கு அவசர வேலை இருந்தது. வெளியே வந்துவிட்டேன். அவசர வேலை என்னவென்று யோசித்தபடி பழைய பேருந்து நிலையம் வரை நடந்தேன்.

அவருடைய தொழில் அவருக்கு. கோளையும் செய்யலாம், கோளை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் மேடையும் போடலாம். எனக்கு என்ன.

மே 13, செவ்வாய்

இன்று கோபம் எதுவும் இல்லை. அக்கா கோமளா செய்த ரசத்தில் உப்பு இல்லை, அதைச் சொன்னேன். சாம்பாரிலும் இல்லை, அதையும் சொன்னேன். மோருக்கு உப்பு நீயே போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்து வீட்டுக்குத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டாள். எங்கள் வீட்டிலேயே தொலைக்காட்சி இருக்கிறது.

மே 14

வேலைக்குப் போனேன். வந்தேன்.

மே 16, வெள்ளி

கோள் வந்துவிட்டது. லாரியில் நின்றபடி ஊர்வலமாக வந்தது. வழியில் சிலர் கும்பிட்டார்களாம். இன்னும் வெள்ளைத் துணிதான். நிறத்தைப் பற்றி யாரும் முடிவெடுக்கவில்லை.

அதன் அழகைப் பற்றி எழுதவேண்டும். வாசலில் இறக்கி வைத்ததும் அதை ஒரு சுற்று சுற்றி வந்தேன். எங்கோ ஒரு நட்சத்திரத்தின் ஒளி கொஞ்சம் மங்கியதை வைத்து யாரோ கணக்கிட்டது, இங்கே என் முன்னால் உருண்டு திரண்டு நின்றது. கையால் தொட்டேன்.

அதன் பிறகுதான் கதவைப் பார்த்தேன். எங்கள் கதவு எட்டடி.

மணவாளனும் பார்த்தார். லாரி ஓட்டுநரும் பார்த்தார். கடைசியாக அமுதவல்லி பார்த்தார்.

"கதவு அளவ நீங்க சொல்லல" என்றார்.

"நீங்கள் கேட்கவில்லை."

"திங்கக்கெழம டேப்போடதான் நின்னுக்கினு இருந்தேன். நின்னு ரெண்டு வார்த்த பேசியிருந்தா கதவையும் அளந்திருப்பேன். நீங்கதான் மூஞ்சத் திருப்பிக்கினு போனீங்க."

"எனக்கு அவசர வேலை இருந்தது."

"இன்னா வேல?"

நான் கதவை மறுபடி அளந்தேன். சுவரை இடிக்கலாமா என்று தலைவரிடம் கேட்டோம். சுவரை இடித்தால் மினி ஹாலுக்குப் பெரிய வாசல் கிடைக்கும் என்று அவர் ஆர்வமாகிவிட்டார். அவசரமாக அந்த யோசனையைத் திரும்பப் பெற்றேன்.

முடிவு: கோள் முற்றத்திலேயே இருக்கும். ஞாயிறு மாலை அங்கேயே திறப்பு விழா. நிறம்? ஏழு வண்ணமும் கலந்தால் கிடைப்பது வெள்ளை ஒளி, ஆகவே வெள்ளை எல்லாக் கட்சிக்கும் பொது என்று நான் அறிவியல்பூர்வமாக விளக்கினேன். கவுன்சிலர் என் கையைக் குலுக்கினார்.

மே 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு விழா. வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களிலும் பாதி கவுன்சிலரோடு வந்தவர்கள். கோளை நான்கு கயிற்றில் கட்டி, கயிற்று முனைகளில் மணல்மூட்டைகள் வைத்திருந்தார் அமுதவல்லி. புகைப்படத்தில் மூட்டை அசிங்கமாக விழும் என்று தலைவர் அவற்றை எடுக்கச் சொல்லிவிட்டுப் பூந்தொட்டிகளை வைத்தார்.

"சார், தொட்டி தாங்காது" என்று அமுதவல்லி என்னிடம் வந்து சொன்னார். இரண்டு நாளில் நாங்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது.

"தலைவரிடம் சொல்லுங்கள். நீங்கள்தான் அவருக்கு வேண்டியவர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

தலைவர் வரவேற்புரையில் மினி இட்லியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது மேற்கே கறுத்தது. ஒரு காற்று வந்தது பாருங்கள். கத்திரியில் ஒரு நாள் வேலூருக்கு வருமே, மண்ணை வாரிக்கொண்டு, அந்தக் காற்று. ஷாமியானா எழுந்து நின்றது. பூந்தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. குட்டி நெப்டியூன் ஒரு முறை குனிந்து வணங்கிவிட்டு, திறந்திருந்த பெரிய கேட் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது.

எங்கள் தெரு கோட்டைப் பக்கமாகச் சரிவு.

நான் ஓடினேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அமுதவல்லியும் ஓடினார். பின்னால் மணவாளன், கவுன்சிலர், கவுன்சிலரோடு வந்தவர்கள், இரண்டு நாய்கள். கோள் முதலில் மாம்பழ ஜூஸ் கடையில் மோதியது. ஒரு பக்கம் முழுவதும் மஞ்சள். பூசைப் பொருள் கடையில் குங்குமத் தட்டுகள் மேல் புரண்டது. சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவரின் பச்சை டப்பாவும் நீல டப்பாவும் அதன் அடியில் போயின, அவர் ஏணியின் மேலிருந்து, "யோவ், யாரு பந்துய்யா?" என்றார்.

"பந்து இல்லை! கோள்!" என்று ஓடியபடியே திருத்தினேன்.

ஸ்கூட்டரில் போன ஓர் அம்மாவைக் கோள் இடதுபக்கமாக முந்தியது. அவர் ஹாரன் அடித்தார். சந்திப்பில் நின்ற போக்குவரத்துக் காவலர் கையை உயர்த்தி நிறுத்தப் பார்த்தார். பிறகு நிலைமையை உணர்ந்து மற்ற வண்டிகளை நிறுத்திக் கோளுக்கு வழிவிட்டார்.

கூட்ட நெரிசலில் நான் அமுதவல்லியின் கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று. கூட்டம் கோட்டை அருகில்தான் இருந்தது. பிடித்தது அதற்கு முந்தைய தெருவில். இருந்தாலும்.

சாலையைத் தாண்டி, புல்தரையைத் தாண்டி, தடுப்புக் கம்பியில் ஒரு துள்ளு துள்ளி, கோட்டை அகழியில் விழுந்தது கோள். மூழ்கிவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சார், மிதக்குது" என்றார் அமுதவல்லி.

மிதந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை காற்று வாங்க வந்த வேலூர் முழுவதும் கரையில் கூடிவிட்டது. தண்ணீர் பட்டு மஞ்சளும் குங்குமமும் பச்சையும் நீலமும் கரைந்து, ஒன்றுக்குள் ஒன்று இழைந்து, பட்டை பட்டையாக வழிந்தன. காற்றில் அது மெல்லச் சுழன்றது. இத்தனை நாள் கூட்டம் போட்டு, போண்டா தின்று நாங்கள் கண்டுபிடிக்க முடியாத நிறம்.

"இன்னா இது? தேரா?" என்று யாரோ கேட்டார்கள். "விண்கலம்" என்றார் ஒருவர். "சோப்புக் கம்பெனி விளம்பரம்" என்றார் இன்னொருவர். "நெப்டியூன், தண்ணியில மிதக்கும்னு படிச்சிருக்கேன்" என்றார் ஒரு கண்ணாடிக்காரர்.

என்னால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் குல்ஃபி வண்டிக்காரரின் மைக் இருந்தது. வாங்கினேன்.

"மிதக்காது!" என்று கத்தினேன். டாக்டரம்மா மன்னிக்க வேண்டும். "இந்தக் கோளின் அடர்த்தி தண்ணீரைவிட அதிகம்! உண்மையான கோள் மூழ்கிவிடும்! இது மிதப்பது மூங்கிலும் துணியும் என்பதால்! தயவுசெய்து தவறான தகவலைப் பரப்பாதீர்கள்!"

மொத்தக் கரையும் என் பக்கம் பார்த்தது. பிறகு ஒரு பாட்டியம்மா கேட்டார்: "அப்ப நெஜ கோளு எங்கப்பா இருக்குது?"

சொன்னேன். முதலில் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தேன். பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பத் திரும்பினார்கள். அமுதவல்லி என் முழங்கையை இடித்து, "வீடியோக்காரன்" என்றார். நான் அந்த விளக்கத்தைச் சொன்னேன். கல்யாணம், வீடியோ விளக்கு, குறுக்கே போகிற குண்டு மாமா. கரை சிரித்தது. சிரித்தவர்கள் நகரவில்லை. அங்கே நிற்கத் தரை இருக்கிறதா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். மழை பெய்யுமா? தெரியாது. என்ன நிறம்? தெரியாது, யாருமே பார்த்ததில்லை, அது இருக்கிறது என்று மட்டும் தெரியும் என்றேன். தெரியாது என்று சொல்லச் சொல்ல அவர்கள் அருகில் வந்தார்கள். நடுநடுவே மைக் தானாகவே "பால் குல்ஃபி, பிஸ்தா குல்ஃபி" என்று கூவியது. வண்டிக்காரர் மன்னிப்புக் கேட்டார். அவருடைய குல்ஃபி தீர்ந்துவிட்டது.

தீயணைப்பு வண்டி வந்து கோளைக் கரையேற்றும் வரை பேசினேன். தொண்டை கட்டிவிட்டது. அமுதவல்லி தண்ணீர் பாட்டில் கொடுத்தார். நான் நன்றி சொன்னேன். சத்தம் வரவில்லை. அவருக்குக் கேட்டது போலத்தான் இருந்தது.

மே 19, திங்கள்

எல்லா நாளிதழிலும் படம். ஒன்றில், "அகழியில் விழுந்த கிரகம்: அதிகாரிகள் விசாரணை." இன்னொன்றில் என் முகம், வாய் திறந்தபடி. அக்கா அதைக் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டாள். "பக்கத்துல நிக்கிறது யாருடா?" என்று கேட்டாள். அலங்காரக்காரர் என்றேன். "யாருக்கு அலங்காரம்?" என்றாள். பல் துலக்கப் போய்விட்டேன்.

மே 20, செவ்வாய்

வரிசை கேட்டைத் தாண்டித் தெருவில் நிற்கிறது. கோள் முற்றத்தில், கொஞ்சம் நசுங்கி, எல்லா நிறத்தோடும். ஒவ்வொரு கட்சிக்காரரும் வந்து தங்கள் நிறம் இருக்கிற பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போகிறார்கள். பார்த்தவர்கள் உள்ளே நட்சத்திரக் காட்சிக்கும் வருகிறார்கள். காட்சியை ஒரே நாளில் பலமுறை நடத்திவிட்டேன். ஆராய்ச்சிக் குழுவுக்குப் படம் அனுப்பினேன்.

மே 22, வியாழன்

தலைவர் வந்தார். வரிசையைப் பார்த்தார். மினி ஹால் திட்டத்தைக் கைவிட்டதாகச் சொன்னார். அவருக்கு நாற்காலி போட்டு நானும் உட்கார்ந்தேன்.

"அந்த ஐடியாவுக்கு அப்பவே பாதி உசுரு போயிடுச்சு கிருபா" என்றார். "அமுதாம்மா அளக்க வந்த அன்னிக்கே சொல்லிடுச்சு. உருண்ட மண்டபம், மேளம் அடிச்சா எதிரொலி அடிக்கும், மாப்ளைக்குக் காது போயிடும், மேடையும் நிக்காது, நான் இந்த வேலைய எடுக்க மாட்டேன்னுச்சு. வருஷ ஒப்பந்தம்யா, வேணாம்னுச்சு. வேற ஆளப் பார்க்கலாம்னுதான் இருந்தேன்."

நான் எழுந்து குவிமாடத்தின் நடுவில் போய் நின்று கைதட்டிப் பார்த்தேன். எதிரொலி அவ்வளவாக இல்லை. இருபது ஆண்டுகளாக அங்கே பேசுகிறேன், எனக்குத் தெரியும். மேடையும் தாராளமாக நிற்கும்.

ஒலியியல் பற்றி அமுதவல்லிக்குத் தவறான கருத்து இருந்திருக்கிறது. திருத்த வேண்டாம் என்று தோன்றியது.

மே 23, வெள்ளி

கொட்டகைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதாக உத்தேசம். மூன்று கல்யாணத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. அவர் ஏணி மேல் நின்றபடி, "இன்னா சார்?" என்றார். "கோளில் ஒரு இடத்தில் துணி கிழிந்திருக்கிறது" என்றேன். "ஆள அனுப்பறேன்" என்றார். "நீங்களே வந்தால் நல்லது, நுணுக்கமான கிழிசல்" என்றேன்.

திரும்பி வந்து கோள் முழுவதும் தேடிப் பார்த்தேன். நல்லவேளை, மேல்பக்கம் ஒரு சிறிய கிழிசல் இருந்தது.

மே 24, சனி

வந்தார். தைத்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் சொன்னேன்: "அன்று நான் பேசாமல் போனது தவறு."

அவர் ஊசியில் நூலைக் கோத்தபடி, "எனக்குத் தெரியும்" என்றார்.

"தவறு என்று தெரியுமா?"

"சொல்ல வருவீங்கன்னு தெரியும். கெழிசலுக்குள்ள பூந்து வருவீங்கன்னுதான் தெரியல."

மே 26, திங்கள்

மழை. வாளி வைத்தேன்.

மே 27, செவ்வாய்

ஆராய்ச்சிக் குழுவிடமிருந்து கடிதம். நாங்கள் அனுப்பிய படத்தைத் தங்கள் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார்களாம். கூடவே ஒரு செய்தி. அதே நட்சத்திரத்தைச் சுற்றி இன்னொரு கோளும் இருக்கிறது என்று தெரியவந்திருக்கிறது!

கோளரங்கத்துக்குப் போகாமல் நேராகக் கொட்டகைக்குப் போனேன். அமுதவல்லி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று வெட்டச் சொன்னார்.

"ரெண்டாவதா? அதுவும் குறுக்கால போகும்போது கண்டுபிடிச்சாங்களா?"

"இல்லை. அது நட்சத்திரத்தின் முன்னால் வருவதே இல்லை. யார் கண்ணிலும் படாது. முதல் கோளை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அது சொன்ன நேரத்துக்கு வருவதில்லையாம். ஒரு சுற்றில் கொஞ்சம் முன்னால் வருகிறது, ஒரு சுற்றில் தாமதம். ஒழுங்காகச் சுற்றவேண்டிய கோள் இப்படித் தடுமாறினால், பக்கத்தில் ஏதோ ஒன்று இருந்து அதை இழுக்கிறது என்று அர்த்தம்."

அவர் இளநீரைக் கீழே வைத்தார். கொட்டகைக் கடிகாரத்தைப் பார்த்தார். கோளரங்கம் திறக்கும் நேரம் எப்போதோ கடந்திருந்தது.

"அந்த மொதக் கோளுக்குத் தெரியுமா சார், பக்கத்துல ஒண்ணு இழுக்குதுன்னு?"

"கோளுக்கு எப்படித் தெரியும்? அது வெறும் பாறையும் ஆவியும்."

"ஆமா" என்றார். "பார்த்தாலே தெரியுது."

நான் இளநீரை எடுத்துக் குடித்தேன்.

"இத போன்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"போனில் சார்ஜ் இல்லை" என்றேன். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. மணவாளன். வரிசை நிற்கிறது, எங்கே இருக்கிறீர்கள் என்றார். வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்தே இருந்தேன்.

எடையை வைத்து ஊகித்த புதிய கோளின் விட்டம், முதல் கோளிலிருந்து அது இருக்கும் தொலைவு, உத்தேசமான வெப்பம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். இந்த முறை கதவின் அகலத்தையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் சுவரில் கரித்துண்டால் எழுதிக்கொண்டார். பிறகு சொல்ல ஒன்றும் இல்லை. எழுந்தேன்.

வாசல் வரை போய்த் திரும்பினேன்.

"நாளைக்கும் வரட்டுமா?"

"சொல்றதுக்கு இன்னும் அளவு இருக்குதா?"

"இல்லை" என்றேன்.

"சரி, வாங்க" என்றார் அமுதவல்லி.